ஜப்பானுக்குப் போகலாமா? தாம்பரம் குடும்பங்கள் போடும் கணக்கு

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் நாலாவது நிலையம் திரிசூலம். ரோட்டைக் கடந்தால் எதிரே விமான நிலையம்.

அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பறந்தவர்கள் தாம்பரத்தில் ஏராளம். துபாய்க்குப் பறந்தவர்களும் ஏராளம். மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று சொல்லும் பெற்றோர் சேலையூரிலும் உண்டு, குரோம்பேட்டையிலும் உண்டு. இப்போது அந்தப் பேச்சில் இன்னொரு ஊரும் சேர்ந்திருக்கிறது. அது டோக்கியோ!

2019-ம் ஆண்டில் இந்தியாவில் இருந்து ஜப்பானுக்குப் போனவர்கள் சுமார் 1 லட்சத்து 76 ஆயிரம் பேர். 2024-ல் அது 2 லட்சத்து 33 ஆயிரம் ஆகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களும் இதில் சேர்த்தி, ஊர் பார்க்கப் போகிறவர்களும் சேர்த்தி. ஜப்பான் என்றால் பெரிய பணக்காரர்கள் மட்டும் போகும் நாடு என்ற எண்ணம் மெல்ல மாறிக்கொண்டு வருகிறது.

சேமித்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் கிளம்புகிறது. திரும்பி வரும்போது கையில் என்ன மிஞ்சும்? மனதில் என்ன மிஞ்சும்? கவனிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

பழைய உறவு

தாம்பரத்துக்கு ஜப்பான் புதிது அல்ல.

கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்று அது மீட்டர் கேஜ் பாதை. 1960-களில் அந்தப் பாதைக்குப் புது மின்சார எஞ்சின்கள் வந்து இறங்கின. செய்து அனுப்பியது யார்? ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி! விழுப்புரம் வரை அந்த எஞ்சின்கள் ரெயில்களை இழுத்தன. தாம்பரத்தில் நின்று அவற்றைப் பார்த்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள்.

இப்போதும் உறவு விட்டுப்போகவில்லை. சென்னை மெட்ரோ ரெயில் ஜப்பான் அரசாங்க நிறுவனம் கொடுத்த கடனில் எழுந்தது. 2016-ல் அது மீனம்பாக்கம் விமான நிலையத்தை எட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலிக்குப் பக்கத்தில் பேரூர் இருக்கிறது. அங்கே கடல் நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார்கள். நாள் ஒன்றுக்கு 40 கோடி லிட்டர். அதற்கும் ஜப்பான் கடன்தான்.

ஒரகடம் பக்கம் போனால் ஜப்பான் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள் தெரியும். கோமாட்சு அங்கே இருக்கிறது. வல்லம் வடகாலில் யமஹா இருக்கிறது. நிஸ்ஸான் கம்பெனி பிரெஞ்சுக் கம்பெனியான ரெனோவுடன் சேர்ந்து 2010-ல் ஒரகடத்தில் கார் தொழிற்சாலை திறந்தது. 2025-ல் தன் பங்கை ரெனோவிடமே விற்றுவிட்டது. இப்படிப்பட்ட கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் பயிற்சிக்கு ஜப்பான் போகிறார்கள். சிலர் அங்கேயே வேலையில் அமர்ந்துவிடுகிறார்கள். ஜப்பானில் வசிக்கும் இந்தியர்களின் தொகை 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

மகன் அங்கே நிலைத்துவிட்டால் அப்பா அம்மாவுக்கு அழைப்பு வரும். ஒரு குடும்பம் போய் வந்தால் பக்கத்து வீட்டிலும் பேச்சு எழும்.

மலிந்த யென்

ஜப்பான் நாணயத்துக்கு யென் என்று பெயர். 2020-ல் 100 யென் வாங்க 70 ரூபாய் வரை கொடுக்க வேண்டி இருந்தது. 2024 நடுவில் அது 55 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதாவது, அங்கே போய்ச் சாப்பிடுகிற சாப்பாடும், தங்குகிற அறையும், ஏறுகிற ரெயிலும் நம் ஆட்களுக்கு மலிவாயின. இந்த விலை ஏறும், இறங்கும். கிளம்புகிற வாரத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

விசாவிலும் ஒரு மாறுதல் வந்தது. 2024 ஏப்ரல் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு மின்னணு விசா கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை ஒட்டும் வேலை இல்லை. விமான நிலையத்தில் செல்போனைத் திறந்து விசாவைக் காட்ட வேண்டும். இதில் ஒரு சங்கதி உண்டு. காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோனால் செல்லாது. படமாக எடுத்து வைத்திருந்தாலும் செல்லாது. அந்த நேரத்தில் இன்டர்நெட் வேலை செய்ய வேண்டும். செல்போன் பழக்கம் இல்லாத பெரியவர்கள் தனியாகப் போவதாக இருந்தால், இதை வீட்டிலேயே நாலு முறை பழகிவிட்டுப் போவது உத்தமம்.

ஒரு வசதி வந்தது; ஒரு வசதி போனது. சென்னையில் இருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானம் 2019 அக்டோபரில் தொடங்கியது. கொரோனா வந்ததும் 2020-ல் நின்றுவிட்டது. இப்போது பெரும்பாலோர் சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர் போன்ற இடங்களில் விமானம் மாறிப் போகிறார்கள்.

கூட்டமோ கூட்டம்!

யென் மலிந்தது தாம்பரத்துக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. உலகமே ஜப்பானுக்கு ஓடியது. 2024-ல் அங்கே போய் இறங்கிய வெளிநாட்டார் 3 கோடியே 68 லட்சம் பேர்! அதுவரை இவ்வளவு பேர் வந்ததே இல்லை.

ஜப்பான் அரசாங்கத்துக்கு இதில் மகிழ்ச்சிதான். அந்த நாட்டில் 10 பேரில் கிட்டத்தட்ட 3 பேர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். பிள்ளைகள் பிறப்பது குறைந்துவிட்டது. உள்ளூரில் செலவு செய்ய ஆள் குறையும்போது, வெளியூரான் வந்து செலவு செய்தால் கடைகள் பிழைக்கும். ஆகவே 2030-க்குள் 6 கோடிப் பேரை வரவழைக்க வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது.

ஆனால் ஊர் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்?

கியோட்டோ நகரில் கியோன் என்று ஒரு பழைய தெரு. அங்கே கெய்ஷா என்ற கலைப் பெண்கள் அலங்காரம் செய்துகொண்டு தொழிலுக்கு நடந்து போவார்கள். வெளிநாட்டார் அவர்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தார்கள். ஊரார் பொறுத்துப் பார்த்தார்கள். 2024-ல் அங்குள்ள தனியார் சந்துகளில் சுற்றுலாக்காரர்கள் நுழையக்கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். மீறினால் 10 ஆயிரம் யென் அபராதம்!

ஃபுஜி மலை அருகே இன்னொரு ஊரில் ஒரு சாதாரண மளிகைக் கடை. அதன் கூரைக்கு மேலே மலை தெரியும். அதைப் படம் எடுக்க ஜனங்கள் நடு ரோட்டில் நின்றார்கள். குப்பை போட்டார்கள். 2024 மே மாதம் ஊராட்சி என்ன செய்தது தெரியுமா? மலையே தெரியாதபடி பெரிய கறுப்புத் திரையைக் கட்டிவிட்டது! ஆகஸ்டு மாதம் அதை எடுத்தார்கள். சொந்த மலையைத் தாங்களே மறைத்துக்கொண்டார்கள் என்றால், எவ்வளவு வெறுத்துப்போயிருக்க வேண்டும்!

அந்த 3 கோடியே 68 லட்சத்தில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சுமார் 160 பேரில் ஒருவர். ஜப்பானின் பல ஊர்களில் ஓட்டல்காரர் முதன்முதலாகப் பார்க்கிற இந்தியக் குடும்பம், தாம்பரத்தில் இருந்து போன குடும்பமாகவே இருக்கலாம். அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்களோ, அதைப் பார்த்துத்தான் அடுத்து வருகிறவர்களுக்குக் கதவு திறக்கும்.

எந்த மாதம் போவது?

நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். சகுரா என்ற செர்ரிப் பூ டோக்கியோவில் பூப்பது மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதலிலும். ஆகவே பூவைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளால் முடியாது. இதற்காக வருந்த வேண்டியது இல்லை. பூக்காலத்தில் ஓட்டல் வாடகை ஆகாயத்துக்கு ஏறும். தெருவில் மரத்தைவிட மனிதர்கள்தான் அதிகம் தெரிவார்கள்.

ஏப்ரல் கடைசியில் இருந்து மே 5 அல்லது 6 வரை ஜப்பானியருக்கே தொடர் விடுமுறை. ரெயிலில் இடம் கிடைக்காது. அந்த வாரத்தைத் தவிர்க்க வேண்டும். அதன் பிறகு மே மாதம் முடிய நல்ல காலம். குளிரும் இல்லை, புழுக்கமும் இல்லை. தாம்பரத்தில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும்போது அங்கே இளங்காற்று வீசும். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். ஆகஸ்டில் அங்கேயும் வேர்த்துக் கொட்டும்.

ரெயில் ஊர்க்காரர்களுக்கு ஒரு ரெயில் நாடு

சுற்றுலாக் கம்பெனிகள் ‘7 நாளில் 8 ஊர்’ என்று விளம்பரம் செய்கின்றன. பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுகிறார்கள். தாம்பரத்துக்காரர்களுக்கு இது தேவையே இல்லை. ரெயிலிலே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஜப்பானில் ரெயில் ஏறத் தெரிந்தால் பாதி ஜப்பானைப் பார்த்த மாதிரி.

டோக்கியோவைச் சுற்றி யமனோத்தே என்ற வட்டப் பாதை ஓடுகிறது. மொத்தம் 30 நிலையங்கள். சுய்கா என்று ஓர் அட்டை விற்கிறார்கள். அதில் பணம் ஏற்றி வைத்துக்கொண்டு, வாசலில் தொட்டுவிட்டு உள்ளே போகலாம். பஸ்ஸிலும் அது செல்லும், கடையிலும் செல்லும். 6 வயது முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். அதற்குக் கீழே பெற்றோருடன் போனால் இலவசம்.

காலை வேளையில் அங்கேயும் கூட்டம் நெருக்கும். பல்லாவரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்கியவர்கள் கூட்டத்தைக் கண்டு பயப்பட மாட்டார்கள். ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஆச்சரியப்படுவார்கள். அவ்வளவு கூட்டத்திலும் சத்தம் இருக்காது! யாரும் டெலிபோனில் பேச மாட்டார்கள். பாட்டை அலற விட மாட்டார்கள். பிளாட்பாரத்தில் கோடு போட்ட இடத்தில் வரிசையாக நிற்பார்கள். இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகே ஏறுவார்கள். நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு உரத்துவிடும். அங்கே அதை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

இனி, பணக் கணக்கு. ஷின்கான்சென் என்ற அதிவேக ரெயில் 1964 அக்டோபர் 1-ல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தூரம் 515 கிலோ மீட்டர். இன்று இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. இத்தனை ஆண்டுகளில் அந்த ரெயில் தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்தது இல்லை. இதில் ஏறாமல் யாரும் திரும்ப மாட்டார்கள்.

இதற்காக 7 நாள் பாஸ் ஒன்று விற்கிறார்கள். பழைய பயணிகள் ‘பாஸ் வாங்கு, லாபம்’ என்று சொல்வார்கள். அது அந்தக் காலம்! அப்போது விலை 29,650 யென். 2023 அக்டோபரில் அதை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவில் இருந்து கியோட்டோ போக ஒரு டிக்கெட் சுமார் 14,000 யென். போய் வர 28,000. பாஸ் வாங்கினால் ஆளுக்கு 22,000 யென் நஷ்டம். பெரியவர்கள் நாலு பேர் என்றால் 88,000 யென்! ஊர் ஊராகப் பறக்கிறவர்களுக்குத்தான் பாஸ். இரண்டு மூன்று ஊர்களில் நிதானமாகத் தங்குகிற குடும்பத்துக்குத் தனி டிக்கெட்டே மேல்.

டோக்கியோவில் இருந்து கியோட்டோ போகும்போது வலது பக்க ஜன்னல் ஓரம் கேட்டு வாங்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

மைசூரில் இருந்து போன யானை

எதைப் பார்ப்பது? உயரமான கோபுரங்கள் டோக்கியோவில் பல உண்டு. மேலே ஏறக் காசு கொட்ட வேண்டும். பிள்ளைகளை அதற்கு முன் அழைத்துப் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது உவேனோ மிருகக்காட்சி சாலை.

வண்டலூரைப் பார்த்தவர்களுக்கு அது சிறியதாகத் தெரியும். ஆனால் அதற்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1943-ம் ஆண்டு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. குண்டு விழுந்தால் மிருகங்கள் தப்பி ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்தார்கள். சிங்கம், புலி, கரடி எல்லாவற்றையும் கொன்றுவிட உத்தரவு பிறந்தது. மூன்று யானைகளும் இருந்தன. அவற்றைப் பட்டினி போட்டுச் சாகடித்தார்கள்.

யுத்தம் முடிந்தது. டோக்கியோ பிள்ளைகளுக்கு யானையே இல்லை. இந்தியப் பிரதமர் நேருவுக்கு அவர்கள் கடிதம் எழுதினார்கள். ‘எங்களுக்கு ஒரு யானை வேண்டும்’ என்று கேட்டார்கள். நேரு மைசூரில் இருந்து ஒரு யானையை அனுப்பினார். 1949-ல் அது டோக்கியோ போய்ச் சேர்ந்தது. அதற்குத் தம் மகளின் பெயரான இந்திரா என்ற பெயரையே வைத்தார். தோற்றுப்போய், பசியோடு கிடந்த நாட்டில் அந்த யானையைப் பார்க்கப் பிள்ளைகள் திரண்டார்கள். 1983 வரை இந்திரா அங்கே வாழ்ந்தது.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளைக்கு உவேனோ ஒரு விதமாகத் தெரியும். தெரியாமல் போகிற பிள்ளைக்கு அது வெறும் கூண்டு.

பக்கத்திலேயே ஒரு தாமரைக் குளம். குளத்தின் நடுவே ஒரு கோயில். உள்ளே இருப்பது யார்? பென்தென். நம் சரஸ்வதிதான்! வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய வாத்தியத்தோடு அவளைக் காட்டுவது அந்த நாட்டு வழக்கம். அசகுசா பகுதியில் மட்சுச்சியாமா என்ற கோயிலில் நம் பிள்ளையாரும் இருக்கிறார். அங்கே அவருக்குக் கொழுக்கட்டை இல்லை. முள்ளங்கி படைக்கிறார்கள்! பவுத்த மதத்தோடு சீனா வழியாகப் போன தெய்வங்கள் இவை.

நாரா என்ற பழைய தலைநகரில் சுமார் 15 மீட்டர் உயரத்தில் ஒரு புத்தர் உட்கார்ந்திருக்கிறார். 752-ம் ஆண்டில் அந்தச் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. கடைகளில் தருமா என்ற சிவப்புப் பொம்மை விற்கும். கையும் இல்லை, காலும் இல்லை. கண்ணில் கருமணி இருக்காது. ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை வரைய வேண்டும். நினைத்தது நடந்தால் மறு கண்ணை வரைய வேண்டும். அந்தத் தருமா வேறு யாரும் அல்ல, போதி தருமர்! அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. சரித்திர ஆசிரியர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வது இல்லை. ஆனாலும், பல்லாவரத்துக்காரர் ஒருவர் வாங்கி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான பொம்மை ஏது?

ஹிரோஷிமாவும் போக வேண்டும். 1945 ஆகஸ்டு 6-ல் முதல் அணுகுண்டு விழுந்த ஊர். அங்குள்ள நினைவுக் காட்சி சாலையில் உருகிப்போன டிபன் பெட்டியும், கருகிப்போன பள்ளிச் சட்டையும் இருக்கின்றன. பெரியவர்களுக்குக் கட்டணம் 200 யென்தான். மிகச் சிறிய பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போவது பற்றிப் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல்

சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீன் துண்டு கண்ணில் படவில்லை என்பதால் அது சைவம் ஆகிவிடாது. சூப்பிலும் குழம்பிலும் மீனைக் காயவைத்துச் சீவிய தூளின் சாறு இருக்கும். பரிமாறுகிறவர் ‘மாமிசம் இல்லை’ என்று சத்தியமாகச் சொல்லுவார். மீன் அவர் கணக்கில் மாமிசம் அல்ல! ஆகவே மாமிசம், மீன், மீன் சாறு என்று மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஜப்பானிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. கோயாசான் மலையில் உள்ள பவுத்த மடங்களில் தங்க இடமும் சுத்த சைவச் சாப்பாடும் கொடுக்கிறார்கள்.

ஜப்பானியருக்கும் கறிக் குழம்பு சாதம் என்றால் உயிர். டோக்கியோவில் ஷின்ஜுக்கு என்ற இடத்தில் நகமுராயா என்ற கடை இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்குத் தப்பி 1915-ல் ஜப்பான் போன புரட்சி வீரர் ராஷ் பிகாரி போஸ் அந்தக் கடைக்கார வீட்டில்தான் ஒளிந்திருந்தார். அந்த வீட்டுப் பெண்ணையே மணந்தார். இந்தியக் குழம்பு அந்தக் கடையில் 1927-ல் விற்பனைக்கு வந்தது. இன்னமும் விற்கிறது.

சான்றிதழ் இல்லாமல் பச்சைக் காய்கறியும் பழமும் கொண்டுபோகக்கூடாது. கறிவேப்பிலைக் கொத்தும் அதில் சேர்த்தி. இறைச்சிப் பண்டம் எதுவும் கூடாது. மூக்கடைப்புக்கு இங்கே சாதாரணமாக விற்கும் சில மாத்திரைகள் அங்கே தடை செய்யப்பட்டவை. கிளம்பும் முன் விசாரித்துவிட வேண்டும்.

மகன் வீட்டில் தங்குகிறவர்களுக்கு

பெற்றோர் பலர் இரண்டு மூன்று மாதம் மகன் வீட்டில் தங்குகிறார்கள். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். அறையோ சிறியது. நாள் முழுக்க என்ன செய்வது?

பக்கத்தில் பூங்கா இருக்கும். காலையில் அங்கே கிழவர்களும் கிழவிகளும் கூடி ரேடியோவுக்குத் தகுந்தபடி தேகப்பயிற்சி செய்வார்கள். சேர்ந்துகொள்ளலாம். பாஷை தேவை இல்லை. பல பேட்டைகளில் சென்தோ என்ற பொதுக் குளியல் கூடம் உண்டு. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். உடையோடு இறங்கக்கூடாது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். மூட்டு வலிக்காரர்கள் கூச்சத்தை விட்டால் சுகம் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், குப்பை. ரோட்டில் குப்பைத் தொட்டி மிகக் குறைவு. 1995-ல் டோக்கியோ சுரங்க ரெயிலில் விஷ வாயு வைத்தார்கள். அதன் பிறகு பல இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். கையில் உள்ள காகிதத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டிலும் எரியும் குப்பைக்கு ஒரு நாள், பாட்டிலுக்கு ஒரு நாள், பழைய காகிதத்துக்கு ஒரு நாள். நாள் தவறினால் எடுக்க மாட்டார்கள். பை அங்கேயே கிடக்கும். அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். அது யார் வீட்டுப் பை என்பது தெருவுக்கே தெரியும். போய் இறங்கியதும் மருமகளிடம் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தக் குப்பைக் கிழமை அட்டவணையைத்தான்.